கீதாரிக்கு வயது என்ன?

தமிழிலே 'எண்ணுதல்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு என்று கணக்கிடுவதும் எண்ணுதல். மனத்தினால் சிந்திப்பதும் எண்ணுதல். முதற்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதை இவ்வாண்டு நாங்கள் ஒரு சிற்றூரில் கண்டுகொண்டோம். கற்பிக்கப் போன இடத்தில் கற்றுக்கொண்டு திரும்பிய கதை இது.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில், எம் பள்ளி நாட்டு நலப்பணித் திட்ட அணியினர் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குச் சென்றோம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. கண்மாய், கரையில் கருவேல மரங்கள், மானாவாரி நிலங்கள், அவற்றிடையே பச்சைப் பாய் விரித்தாற்போல் மல்லிகைத் தோட்டங்கள். காலையில் துப்புரவுப் பணியும் மரக்கன்று நடுதலும் நடந்தன. மாலை ஐந்து மணி முதல் ஆறரை மணி வரை தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பயிற்சி. பதினோராம் வகுப்பைச் சேர்ந்த எங்கள் அறுவரிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 27 பேர் எங்கள் முன் சம்மணமிட்டு அமர்ந்தனர்.

அப்பிள்ளைகளைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்வதற்கில்லை. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின் விழுந்த இடைவெளியை ஈடுசெய்யத் தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யையும், 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும் தொடங்கியது. இவர்கள் அந்த 'எண்ணும் எழுத்தும்' வழியே முதல் வகுப்பைத் தாண்டி வந்தவர்கள். கூட்டல், கழித்தல் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பெரும்பாலோர் போட்டுவிடுவார்கள். வாய்பாடும் சொல்வார்கள். ஆனால் அதே கணக்கு வாக்கியமாக வந்துவிட்டால், "அக்கா, இது கூட்டலா, கழித்தலா?" என்று எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

இதற்கு நாங்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தோம். 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு. 'மீதி' என்று வந்தால் கழி. 'ஆளுக்கு எத்தனை' என்று வந்தால் வகு. மூன்று சொல், மூன்று வேலை. இதை ஓர் அட்டையில் வண்ணத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். இரண்டே நாளில் பிள்ளைகள் பத்துக்குப் பத்து வாங்கத் தொடங்கினர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமிதத்துடன் புன்னகை செய்துகொண்டோம். ஆசிரியைகள் ஓராண்டில் செய்வதை இரண்டு நாளில் முடித்துவிட்டோமே!

மூன்றாம் நாள் மாலை வந்தது. எங்களில் ஒருத்தி கணக்கை வாசித்தாள்: "ஒரு கீதாரியிடம் 45 செம்மறியாடுகளும் 15 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கீதாரிக்கு வயது என்ன?"

"அறுபது!" என்று கூரை அதிர ஒரு குரல். நாங்களும் விடைத்தாளைப் பார்த்தோம். 60 என்றே இருந்தது. கைதட்டினோம்.

மூன்றாம் வரிசையில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் வாய் திறக்கவில்லை. "நீ சொல்லு பாப்பா" என்றோம். அவள் தயங்கித் தயங்கி, "அது கீதாரியத்தேன் கேக்கணும்க்கா" என்றாள்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர். அவர்களோடு சேர்ந்து நாங்களும் சிரித்துவிட்டோம். "கணக்குக் கேட்டால் கிடைக்கு ஓடுகிறாயே!" என்று எங்களில் ஒருத்தி சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது. அச்சிறுமி தன் பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலை இன்றும் எங்கள் கண்முன் நிற்கிறது.

இரவு உணவுக்குப் பின், மறுநாள் பாடத்துக்காகக் கணக்குத்தாளை எடுத்து வைத்தபோதுதான் எங்கள் தவறு தெரிந்தது. தாளில் அடுத்தடுத்து இரண்டு கணக்குகள் இருந்தன. முதலாவது, கீதாரியிடம் உள்ள ஆடுகள் மொத்தம் எத்தனை என்பது. இரண்டாவது, ஒரு தந்தையின் வயதைப் பற்றியது. வாசித்தவள் அவசரத்தில் ஒரு வரி தாண்டி, ஆட்டுக் கணக்கின் தலையில் வயதுக் கணக்கின் வாலை ஒட்டிவிட்டாள். வாசித்தவள் கவனிக்கவில்லை, கேட்ட நாங்கள் ஐவரும் கவனிக்கவில்லை, பிள்ளைகள் 26 பேரும் கவனிக்கவில்லை. கவனித்தவள் ஒருத்தி. எண்ணிப் பார்த்தவள் ஒருத்தி. அவளைத்தான் நாங்கள் சிரித்து உட்கார வைத்தோம்!

முகாமுக்கு எங்களுடன் வந்திருந்த கணித ஆசிரியையிடம் இதைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று" என்று ஒரு செய்தி சொன்னார். ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்கு முன் ஃபிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் கணித ஆசிரியர்கள் சிறு பிள்ளைகளிடம் வேண்டுமென்றே ஒரு கேள்வியைக் கேட்டார்களாம்: "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனுக்கு வயது என்ன?" 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களைக் கொண்டே ஒரு வயதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள்! ஸ்டெல்லா பாரூக் என்னும் கணித ஆசிரியை 1985இல் இதையே பொருளாக வைத்து ஒரு நூல் எழுதினாராம்.

"அந்தப் பிள்ளைகள் மந்தபுத்திக்காரர்களா, டீச்சர்?" என்று கேட்டோம்.

"இல்லை. பள்ளியில் கேட்கும் கேள்விக்கு எப்படியும் ஒரு விடை இருக்கும், கொடுத்த எண்களையெல்லாம் பயன்படுத்தியாக வேண்டும் என்று அவர்கள் பழகிவிட்டார்கள். பழக்கியது நாம். சரி, நீங்கள் ஒன்று சொல்லுங்கள். ஒரு பேனாவும் ஒரு பென்சிலும் சேர்ந்து 22 ரூபாய். பேனாவின் விலை பென்சிலின் விலையைவிட 20 ரூபாய் அதிகம். பென்சில் என்ன விலை?"

எங்கள் அறுவரில் நால்வர் உடனே "இரண்டு ரூபாய்!" என்றோம். அவர் பேசாமல் பார்த்தார். பென்சில் இரண்டு ரூபாய் என்றால் பேனா 22 ரூபாய்; இரண்டும் சேர்ந்தால் 24 ஆகிவிடுமே! பென்சில் ஒரு ரூபாய், பேனா 21 ரூபாய் என்பதுதான் சரி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள் நாங்கள். எங்களுக்குள்ளும் ஒரு வண்ண அட்டை ஒட்டப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் மாலை அச்சிறுமி வரவில்லை. வகுப்பை மூவரிடம் விட்டுவிட்டு மற்ற மூவரும் அவள் வீட்டைத் தேடிச் சென்றோம். சாலையோரத்தில் சிறிய வீடு. வாசலில் ஈரத்துணி விரித்து அதன்மேல் மல்லிகை குவிந்திருந்தது. தாய் பூக்கட்டிக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, உக்காருங்க. நேத்துலருந்து வரமாட்டேன்னு ஒரே அழுகை. அக்காங்க சிரிச்சாங்கங்குது" என்றார். அச்சிறுமி தூணுக்குப் பின்னால் நின்றாள்.

நாங்கள் அவளருகே போய் உட்கார்ந்தோம். "பாப்பா, நேற்று நீ சொன்னதுதான் சரி. நாங்கள்தான் கணக்கைத் தப்பாக வாசித்தோம். சிரித்ததும் தப்பு. மன்னித்துக்கொள்" என்றோம். அவள் நம்பாதவள்போல் பார்த்தாள். பெரிய பள்ளிக்கூடத்து அக்காக்கள் தப்புச் செய்வார்களா என்ன!

அவ்வேளையில் ஒருவர் வண்டியை நிறுத்தி மூன்றரை முழம் பூக் கேட்டார். முழம் 30 ரூபாய். தாய் அளந்து அறுத்துக் கொடுக்க, அவர் 200 ரூபாய்த் தாளை நீட்டினார். பணத்தை வாங்கியவள் சிறுமி. "மூணு மொழம் தொண்ணூறு, அரை மொழம் பதினஞ்சு, நூத்தஞ்சு" என்று முணுமுணுத்தாள். ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை அவர் கையில் வைத்து, "நூத்திப்பத்து" என்றாள். பிறகு ஓர் ஐம்பது, இரண்டு இருபது ரூபாய்த் தாள்களை வைத்து, "இருநூறு" என்றாள். முடிந்தது கணக்கு. எங்களில் யாரும் அதற்குள் மனத்தில் கழித்து முடிக்கவில்லை.

வியப்பு அடங்கியதும் அவள் நோட்டில் 200 - 105 என்று எழுதிப் போடச் சொன்னோம். அவள் போட்ட விடை 105! பூச்சியத்திலிருந்து ஐந்து போகாது என்றதும் ஐந்திலிருந்து பூச்சியத்தைக் கழித்திருந்தாள். வாயால் 95 என்று சரியாகக் கொடுத்த அதே கை, தாளில் 105 என்று எழுதியது.

இம்முறை நாங்கள் சிரிக்கவில்லை. 'தப்பு' என்றும் சொல்லவில்லை. "இப்போது வந்தாரே, அவர் கணக்குத்தான் இது" என்று மட்டும் சொன்னோம். அவள் நோட்டையே சிறிது நேரம் பார்த்தாள். "பூவு நூத்தஞ்சு, மீதி நூத்தஞ்சுன்னா, அந்த மாமா இருநூத்திப்பத்தா குடுத்தாரு? இல்லையே!" என்றாள். பென்சிலால் அடித்துவிட்டு 95 என்று எழுதினாள். பிறகு அவளாகவே, "அப்ப இந்தக் கழித்தல் கணக்குத்தேன் நான் கடையில போடுறதாக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்ட மகிழ்ச்சியில் எங்களுக்குப் பேச்சே வரவில்லை.

இரு கணக்கும் ஒன்றுதான் என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. முகாம் முடிந்து வந்தபின் எங்கள் ஆசிரியை காட்டிய இரண்டு ஆய்வுகள் இதையே கூறின. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த, 9 முதல் 15 வயது வரையுள்ள ஐந்து பிள்ளைகளை டெரெசின்ஹா நூனிசும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டனர். கடையில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே வகைக் கணக்குகளை வாக்கியமாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 74 சரி. வெறும் எண்களாகக் கொடுத்தபோதோ நூற்றுக்கு 37 மட்டுமே சரி! நம் நாட்டிலும், 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் உள்ளிட்ட குழுவினர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளை ஆராய்ந்தனர். அம்முடிவுகள் 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியாயின. சந்தைப் பிள்ளைகள் கடைக்கணக்கில் வல்லவர்கள், பள்ளிக்கணக்கில் தடுமாறினர். பள்ளிக்கணக்கில் தேறிய பிள்ளைகளோ கடைக்கணக்கில் தடுமாறினர். இரு கரைக்கும் இடையே பாலம் இல்லை என்பதுதான் குறை.

எனவே ஐந்தாம் நாள் முதல் எங்கள் முறையை மாற்றினோம். முதல் வேலையாகச் சுவரில் ஒட்டிய அட்டையைக் கிழித்தோம். ஏன் கிழிக்கிறோம் என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டினோம். "கூடையிலிருந்து 12 முழம் விற்றபின் 8 முழம் மீதி இருந்தது. முதலில் கூடையில் எத்தனை முழம்?" என்று கேட்டோம். 'மீதி' என்ற சொல்லைக் கண்டதும் பாதிப் பேர் கழித்து "நாலு" என்றார்கள். "நாலு முழம் கூடையில் இருந்தால் பன்னிரண்டு முழம் எப்படி விற்பது?" என்று பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்க, அட்டைக்கு அத்துடன் ஆயுள் முடிந்தது.

அதன்பின் ஒவ்வொரு கணக்கையும் முதலில் எண்களே இல்லாமல் கதையாகச் சொன்னோம். "கூடையில் பூ இருந்தது, கொஞ்சம் விற்றது, கொஞ்சம் மீதி. முதலில் இருந்தது கூடவா, குறைவா?" இதற்கு விடை வந்தபிறகே எண்களைச் சொன்னோம். அடுத்தது புளியங்கொட்டை. கதையில் நடப்பதைக் கொட்டைகளை வைத்து நடத்திக் காட்ட வேண்டும். அடுத்தது உத்தேச விடை: நூறுக்கு மேலா, கீழா? கடைசியாக எழுத்து. விடை வந்தபின் அதைக் கதைக்குள் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். 20 பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் போக வேண்டும், ஓர் ஆட்டோவில் 6 பேர் என்றால் எத்தனை ஆட்டோ? "மூணு, மீதி ரெண்டு" என்று ஒருவன் எழுதினான். "அந்த ரெண்டு பேரும் நடந்தா வருவாங்க?" என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். நான்கு ஆட்டோ என்று அவனே திருத்திக்கொண்டான்.

நாள்தோறும் ஒரு கணக்கு விடையில்லாக் கணக்காக இருக்கும். எது என்று முன்கூட்டிச் சொல்லமாட்டோம். அதைக் கண்டுபிடித்துச் "சொல்ல முடியாது, ஏனென்றால்..." என்று காரணத்தோடு சொல்பவருக்குத்தான் அன்றைக்குக் கைதட்டல். எங்கள் சிறுமி மறுபடியும் வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்துகொண்டாள். முகாம் முடிந்த பிறகும் சனிக்கிழமைகளில் நாங்கள் அவ்வூருக்குப் போய்வருகிறோம்.

இதில் புதுமை ஏதும் இல்லை என்று எங்களில் ஒருத்தியின் பாட்டி சொன்னார். உசிலம்பட்டிப் பக்கத்தவரான அவர், ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி என்று கணக்குப் பார்த்துப் பழகியவர். 1957 ஏப்ரல் 1 அன்று புதுக்காசு வந்தபோது பள்ளிச் சிறுமி. கீதாரிக் கணக்கைச் சொன்னதும், "ஆட்டை வச்சு ஆளு வயசா? எவடி கேட்டவ?" என்று பொக்கை வாயால் சிரித்தார். பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்வார்கள். கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, 320இல் ஒரு பங்கான முந்திரி வரையில் பிள்ளைகளின் நாவில் நிற்கும். அதோடு நெல், நிலம், கூலி என்று ஊரில் நடப்பதை வைத்து வாய்க்கணக்கும் போடுவார்கள். மனப்பாடம் வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மூன்று முப்பது தொண்ணூறு என்பது மனப்பாடமாக இல்லையென்றால், அன்று வாசலில் அச்சிறுமியால் அத்தனை விரைவாகக் கணக்குப் பார்த்திருக்க முடியாது. மனப்பாடம் கைக்கருவி. எதற்காக அதை எடுக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதுதான் கணக்கு.

சென்ற சனிக்கிழமை, கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' என்னும் பழைய நூலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று சொல்ல அதில் ஒரு வழி உண்டு. காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 50 என்றால் சுளை 60. பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டனர். உடனே பெருக்கவும் வகுக்கவும் தொடங்கிவிட்டனர். முள் 40 என்றால் 48, முள் 55 என்றால் 66 என்று விடைகள் பறந்தன.

மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"அக்கா, அது நெசந்தானான்னு அறுத்துப் பாத்தீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் அறுத்துப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டோம். பலாப்பழக் காலம் வரட்டும், ஒரு பழம் வாங்கி வந்து எல்லோருமாக எண்ணிப் பார்ப்போம் என்றோம்.

"ஒண்ணு போதாதுக்கா. ஒண்ணு சரியா வந்துட்டா எல்லாம் சரியாயிருமா? நாலஞ்சு அறுத்துப் பாக்கணும்" என்றாள் அவள்.

அன்புத் தோழியரே, நாலைந்து பலாப்பழங்களின் விலையை எங்கள் கைச்செலவுப் பணத்தில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். சித்திரை பிறந்ததும் அவ்வூருக்கு எங்களுடன் வர விரும்புவோர் பெயர் கொடுக்கலாம். முள் எண்ணவும் ஆள் வேண்டும். சுளை எண்ணவும் ஆள் வேண்டும்.